தீப்பிடித்த பட்டறையின் சாம்பல்

பொழுது மசங்குகிற நேரம். கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற மண் ரோடு. தூறல்... ஆள் நடமாட்டமே இல்லை. ரோடு முடிகிற இடத்தில்தான் அஃப்தாபின் ஷெட். என் கூட்டாளி சஹீருக்கு மச்சான் முறை. நகைப் பட்டறைகளில் கூட்டியெடுக்கும் தூசி, தேய்ந்த எமரித்தாள், பாலீஷ் துணி... எல்லாவற்றையும் எரித்து, உருக்கி, அதில் ஒட்டியிருக்கும் தங்கத்தைப் பிரித்துக் கொடுப்பது அவன் தொழில்.

அன்றைக்கு வந்தது வெறும் சாம்பல். கோவை கணபதியில் ஒரு நகைப் பட்டறை தீப்பிடித்து எரிந்துபோனது. ஷட்டர் சிக்கிக்கொண்டதில் தொழிலாளி ஒருவர் உள்ளேயே செத்துப்போனார். அஃப்தாபுக்கும் அது தெரியும். சாம்பல்தானே என்று மூட்டைகளை வாங்கி இறக்கிவிட்டான்.

ஷெட்டில் அவன் மட்டும்தான். மூசை என்கிற உருக்குக் கிண்ணத்தில் சாம்பலோடு வெண்காரத்தைக் கொட்டி உலையில் வைத்தான். புளோயர் உறுமியது. கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை... முடி கருகுகிற வாடை.

தடால்!

ஷட்டர் தானாக இறங்கிவிட்டது.

தூக்கினான். அசையவில்லை. கம்பியை விட்டு நெம்பினான். கம்பிதான் வளைந்தது. புளோயரை நிறுத்தினான்... உலை அடங்கவில்லை. நெருப்பு இன்னும் வெளுத்தது. செல்போன் வெளியே, வண்டிக் கவரில். ஷெட் முழுக்கப் புகை.

"யாராச்சும் இருக்கீங்களா? ஷட்டரத் தூக்குங்க!"

அதற்குமேல் இருமல்தான் வந்தது. தரையில் படுத்தான். ஷட்டருக்கு அடியில் இருந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினான். டம்... டம்...

கை ஓய்ந்து நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

அவன் தலைக்கு நேர் மேலே... ஷட்டரின் உள்பக்கம். டம். டம்.

நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தான்.

பக்கத்துத் தோப்பில் குடியிருக்கும் பூவாத்தாள்தான் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். ஒரே கையால் ஷட்டரைத் தூக்கிவிட்டாள். அஃப்தாப் தவழ்ந்து வந்து சேற்றில் விழுந்தான்.

"ஏனுங்க பாய், என்னாச்சுங்க?"

அவனுக்கு மூச்சே வரவில்லை. "இறக்குங்கக்கா... ஷட்டர இறக்கிப்போடுங்க..."

"இருங்க பாய். இன்னொருத்தரு வாராருங்க."

தூக்கிய கையை எடுக்காமல், உள்ளே புகையைப் பார்த்து, "பாத்து வாங்க, பாத்து..." என்றாள். பிறகு, ஆளுக்கு வழி விடுகிற மாதிரி, சற்றே ஒதுங்கி நின்றாள்.

அப்புறம்தான் ஷட்டரை இறக்கினாள்.