முகம் பார்த்து எடுக்கும் கேமரா

செல்போன் வாங்குவதென்றால் எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோரும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். டெய்லர், கட்டிங் மாஸ்டர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வரைக்கும். பெருமாநல்லூர் ரோட்டுக் கடைகளில் "செல்வக்குமார் அனுப்பினார்" என்று சொன்னால் போதும், விற்காமல் கிடக்கும் மாடலைத் தலையில் கட்ட மாட்டார்கள். இதில் எனக்கு ஒரு லாபமும் கிடையாது. நாலு பேர் நல்ல பொருளை வாங்கினால் மனதுக்கு ஒரு நிறைவு, அவ்வளவுதான். மேஜைமேல் வைத்திருக்கிறீர்களே சார், அந்த போனின் கேமராவும் சுமார்தான். வெயிலில் எடுத்தால் நீலம் பாயும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் முதல்.

நிபுணர்கள் கேமராவுக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் தெரியுமா? செங்கல் சுவரைப் படம் எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தெளிவாக விழுந்திருக்கிறதா, பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அது தெரிகிறதா என்று மூலை மூலையாகப் பார்ப்பார்கள். வாங்குகிற ஜனம் எந்தச் சுவரையும் பார்ப்பதில்லை. கடையிலேயே நின்று தன் மூஞ்சியை எடுத்துப் பார்க்கும். பரு மறைந்து நிறம் கொஞ்சம் ஏறியிருந்தால் உடனே பில் போடச் சொல்லும். நிபுணர்கள் பத்துக்கு நாலுதான் கொடுத்த ஒரு ரோஸ் கலர் போன் எங்கள் ஊரில் சக்கைப்போடு போட்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

ஜனனி மட்டும் நான் சொன்னதைக் கேட்டாள். குன்னத்தூர்ப் பெண். தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்தாள்.

"அண்ணா, எல்லாரும் அந்த ரோஸ் போனத்தான் எடுக்கறாங்க. மூஞ்சி பளிச்சுன்னு வருதாமா. நானும் அதையே எடுத்துக்கட்டுங்களா?"

"அது கேமரா இல்ல கண்ணு, பவுடர் டப்பா. உள்ளத உள்ளபடி காட்டறத வாங்கு."

போனஸ் வந்ததும் நான் சொன்ன மாடலையே வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பனியனின் கழுத்துத் தையலைப் படம் எடுத்துக் காட்டினாள். நூல் முறுக்குகூடத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தப் பெண்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனிச் சுவருக்கு வருகிறேன். நீங்கள் ஊருக்குப் புதியவர், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியை நாங்கள் பையர் என்போம். வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்குப் பையர் கேட்பதெல்லாம் எங்களிடம் சரியாக இருக்கிறது என்று காட்டுவது என் வேலை. போன வருடம் பையரின் ஆள் நேரில் வந்தபோது, செக்கிங் பிரிவின் பின்சுவரில் ஒரு வெடிப்பைப் பார்த்துவிட்டார். அந்தச் சுவரின் மேல்தான் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. சரிசெய்துவிட்டு மாதாமாதம் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளி ரத்தினசாமி கெட்டவர் இல்லை. "தொட்டிய எறக்கி, செவுத்த இடிச்சுக் கட்டறதுன்னா செக்கிங்கத் தூக்கி எங்க போடறது? இந்த ஆர்டர் போகட்டும் செல்வா. அப்பறம் ஊடு கட்டற மாதிரி நல்லாவே கட்டிப் போடலாம்" என்றார். அதுவும் நியாயம்தான். கொத்தனார் வந்து வெடிப்பைப் பட்டி வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடித்தார். முதல் படம் பிரமாதமாக வந்தது. அடுத்த மாதம் வெடிப்பு மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

கம்பெனிக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தது நிபுணர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய போன். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் வெடிப்பைக் கோடு போட்டாற்போலக் காட்டியது. எரிச்சலாக வந்தது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அந்த ரோஸ் கலர் போனை என் சொந்தக் காசில் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்யாணப் பரிசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

வெறும் சுவரை எடுத்தபோது அதிலும் வெடிப்பு விழுந்தது. அந்த நேரம் செக்கிங் சூப்பர்வைசர் சித்ரகலா அக்கா குறுக்கே வந்தார். படத்தில் வெடிப்பைக் காணோம். அந்த போன் முகத்தைக் கண்டால்தான் மெழுக ஆரம்பிக்கும்; ஆரம்பித்தால் முகத்தோடு பின்னால் இருப்பதையும் சேர்த்து மெழுகிவிடும். நிபுணர்கள் மார்க்கைக் குறைத்ததே அதற்காகத்தான். அவர்கள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன்பின் மாதாமாதம் சித்ரகலா அக்காவும் ஜனனியும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று சிரிப்பார்கள், நான் எடுத்து அனுப்புவேன். வேலையாட்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று பையரிடமிருந்து பாராட்டுகூட வந்தது. ஒரு படத்தையும் நான் திருத்தியதில்லை. வந்ததை வந்தபடி அனுப்பினேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஜனனி தன் போனில் சுவரை எடுத்து எனக்கு அனுப்பினாள். அவள் போன் உங்களிடம் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். வெடிப்புக்குள் போகிற எறும்பு வரிசைகூடத் தெரியும். "அண்ணா, செவுரு வயிறு தள்ளியிருக்குதுங்க. சித்ரகலாக்கா அங்க உக்காரப் பயப்படறாங்க. மொதலாளிகிட்டச் சொல்லுங்ணா" என்று எழுதியிருந்தாள். "படம் அருமையா வந்திருக்குது கண்ணு. நாஞ் சொன்ன போனாச்சே. இத வேற ஆருக்கும் அனுப்பாத" என்று பதில் போட்டேன்.

முதலாளியிடம் சொன்னாயா என்று நேற்று கேட்டீர்கள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பார், பயந்த சுபாவம். நிறுத்தினால் பையர் ஏன் என்று கேட்பார். பழைய படங்களை எடுத்துப் பார்ப்பார். படத்தில் புத்தம் புதிதாக இருந்த சுவர் எப்படி அதற்குள் வயிறு தள்ளியது என்று என்னைத்தான் கேட்பார்கள். இத்தனை வருடமாக நான் கை காட்டியது ஒன்றும் தப்பானதில்லை என்று ஊரே சொல்கிறது. அந்தப் பெயரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அன்று காலை மழை விட்டிருந்தது. டீ நேரத்தில் மற்றவர்கள் வெளியே போனபின் அந்த மாதப் படத்துக்கு இருவரையும் கூப்பிட்டேன். சித்ரகலா அக்கா தயங்கினார்.

"வேண்டாந் தம்பி, இன்னைக்கு அந்தப் பக்கமா நின்னு எடுத்துக்கலாம்."

"ஒரே நிமிசங்க்கா."

முதல் படம் சரியாக வரவில்லை. வெடிப்பு அகன்றுவிட்டதால் மெழுகியும் இரண்டு தலைகளுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு நின்றது. ஜனனி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"எம்போன்ல எடுங்ணா, நல்லா வரும்."

"உம்போன் வேண்டாங் கண்ணு. ரெண்டு பேரும் இன்னுங் கொஞ்சம் பின்னால போங்க. ஒட்டி நின்னு செவுத்துல நல்லாச் சாஞ்சுக்குங்க."

அவர்கள் சாய்ந்தார்கள். கோடு இரண்டு பேரின் தோளுக்கும் பின்னால் மறைந்தது. எடுத்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் தொட்டித் தண்ணீர் வந்து என் செருப்பை நனைத்துவிட்டது.

பையருக்குப் படம் போன நேரத்தையும் சுவர் விழுந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னீர்கள். நீங்கள் கணக்குப் போட்டது சரிதான். சத்தம் கேட்ட பிறகுதான் அனுப்பினேன். அனுப்பி, போனை நனையாமல் பையில் போட்டுக்கொண்டுதான் கல்லைத் தூக்கப் போனேன். சுவர் நிற்காது என்பது ஜனனியின் படத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாயச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வீட்டாரும் என்னைக் கொலைகாரன் என்கிறார்கள். அவர்களிடம் நான் கடைசியாக எடுத்த அந்தப் படத்தைக் காட்டுங்கள். இருவரும் எவ்வளவு லட்சணமாகச் சிரிக்கிறார்கள் பாருங்கள். நன்றாகப் பெரிதாக்கியே பாருங்கள் சார், சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.