வாசலில் ஒட்டிக்கொண்ட கால்கள்

தலைமை தாங்கும், என் பேச்சைச் சுருக்கச் சொல்லிச் சலித்துப்போன ஊர்த்தலைவர் வைதோதஸ் அவர்களே! முழங்கால் வலியோடும் முறைப்போடும் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பில் கிழங்கை வைத்துவிட்டு அரைமனதோடு வந்த தாய்மார்களே! எல்லோருக்கும் பால் நிலையத்து நியோலேயின் வணக்கம்!

பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம் என்றுதானே நினைத்தோம்? நடுக்கம் நண்பனய்யா! நடந்துவரும் மனிதனை நட்டுவைத்த கம்பமாய் நிறுத்துகிறதே, அந்த உறைவல்லவா உயிர்ப்பகை! அகன்ற வயலில் நடக்கிற கால், ஒடுங்கிய வாசலில் ஒட்டிக்கொள்ளும். வீம்பா? இல்லை. வேடமா? இல்லை. மூளை இட்ட கட்டளை பாதத்துக்குப் போய்ச் சேரவில்லை!

கடந்த ஈஸ்டர் அன்று என் கணவர் ரிம்காந்தஸ், தம்பி ஜிக்மாஸின் புதுவீட்டு வாசலில் அப்படித்தான் நின்றார். பின்னால் நான், இரு கையிலும் கொதிக்கும் கிழங்குத் தட்டோடு.

"என்னண்ணே, காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியா?" என்றான் ஜிக்மாஸ், உள்ளே நின்றபடி.

"கால் ஒட்டிக்கிச்சுடா. கொஞ்சம் பொறு."

"கையக் குடேன், தம்பி!" என்றேன் நான்.

"வாசப்படிக்கு மேல கை குடுத்தா சண்டை வரும், அண்ணி!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அன்று நானும் சிரித்தேன். கையைத் தொடக்கூடாதாம், சட்டைக்கையைப் பிடிக்கலாமாம்! பிடித்தான். இழுத்தான். உடம்பு உள்ளே போனது, கால் வெளியே நின்றது. இடுப்பெலும்பு முறிந்தது!

ஆஸ்பத்திரியிலாவது ஆறுதலா? மணி தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரை, நர்ஸின் மருந்துத் தள்ளுவண்டி வரும்போதுதான் வந்தது. மாத்திரை தாமதித்தால் மனிதன் மரக்கட்டை! யாரிடம் அழ?

பிறகு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒருத்தி வந்தாள்; கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தாள். இழுக்காதே! அதட்டாதே! அவசரப்படுத்தாதே! நீ வெளியே வா, பக்கத்தில் நில். உன் காலணியை அவர் பாதத்துக்கு முன் குறுக்கே வைத்து, "இதத் தாண்டு" என்று சொல். ஒன்று, இரண்டு என்று எண்ணு. ஒட்டிய கால் தானே எழும்! கால் மணி நேரப் பாடம், அன்பர்களே, எலும்பு முறிந்த பிறகு!

மூன்றாம் வரிசையில் யார் முனகுவது? ஜிக்மாஸா? சத்தமாகச் சொல்லப்பா!

"நான் வேணும்னா பண்ணேன், அண்ணி?"

வேண்டுமென்று செய்ததாக யார் சொன்னது? உன் அண்ணன் சொல்லவில்லையே! "தம்பி வருவான், நாற்காலிய இழுத்துப் போடு" என்கிறார் தினமும். ஏழு மாதமாக நானும் போடுகிறேன், எடுக்கிறேன். அவர் கால் நின்றதற்கு நோய் காரணம். உன் கால் நின்றதற்கு எந்த வைத்தியரைக் கேட்பேன்?

காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. தலைவரே, சுருக்கிவிட்டேன். போய் வருகிறேன், வணக்கம்!