கடைசித் தொட்டியின் மீன்கள்

நாணல் வளர்ப்பது சுலபம். உரம் கேட்காது, ஆள் கேட்காது. அழுக்குத் தண்ணீரில் நட்டுவிட்டு வந்தால் போதும், சில மாதங்களில் ஆள் உயரம் வந்துவிடும். உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் சாக்கடை தேங்கி நிற்கிறதே, அங்கேகூட வளரும்.

என் பெயர் இக்னேஷியஸ். ராயபுரத்தில் பிறந்தேன், அங்கேயே இருக்கிறேன். நிலவடிவமைப்பு என் தொழில். கட்டடத்துக்கு வெளியே இருப்பதை வரைபவன்: மரம், பாதை, தண்ணீர், நிழல். குப்பத்தில் என்னைத் தோட்டக்கார சார் என்றார்கள். நான் திருத்தவில்லை.

எங்கள் தொழிலுக்கு ஒரு சங்கம் உண்டு. தென்மண்டலத்தில் செய்யப்பட்ட சிறந்த வேலைக்கு அது ஆண்டுதோறும் ஒரு விருது கொடுக்கும். மலையடிவார விடுதிகளுக்குப் போகும். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் புல்வெளிகளுக்குப் போகும். 2003க்கு முன்னால் ஆறு முறை படங்கள் அனுப்பியிருந்தேன். நடுவர்கள் ஒருமுறைகூட பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடசென்னைக்குள் வந்ததில்லை. பின்னால் புகைபோக்கி தெரியும் படம் அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

2003இல் எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னிடம் வரைந்துகொண்டிருந்த இருவரும் தெற்கே வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். அவர்களுடைய மேசைகளைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். காலையில் அலுவலகத்துக்கு மாடியேறினால் அந்த இரண்டு துணிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்போது என் கையில் ஒரே ஒரு வேலை இருந்தது. எண்ணூர் போகும் சாலையில் ஒரு சாயத் தொழிற்சாலை. அதன் மதிலுக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். கழிவுநீர் அதன் வழியாக ஓடிக் கடலில் விழும். எருக்குகூட முளைக்காத இடம். அங்கே படிப்படியாக இறங்கும் நான்கு தொட்டிகள் கட்டி நாணல் நட்டிருந்தேன். முதல் தொட்டியில் தண்ணீர் கறுப்பாக நுழையும். வேரிலும் மணலிலும் கூழாங்கல்லிலும் ஊறி இறங்கி, கடைசித் தொட்டியில் தெளிந்து நிற்கும். அதன் விளிம்பில் ஒரு குழாய். சுற்றிலும் பூவரசு, கல் இருக்கைகள். இரண்டாம் வருடம் கொக்குகள் வந்தன. அழகான வேலை. இன்று அதைப் பார்க்கிற யாரும் மறுக்க மாட்டார்கள்.

நாணல் நிறத்தை எடுத்துவிட்டது. மற்றதை எடுக்கவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். செடிக்கு விடலாம், வாயில் வைக்கக் கூடாது என்று போனில் சொன்னார்கள். அப்படியே ஒரு பலகையில் எழுதிக் குழாய்க்கு மேலே மாட்டினேன். அதுவரை என்மீது யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த 2003இல் ஊரில் தண்ணீர் இல்லை. உங்களுக்கும் நினைவிருக்கும். ஏரிகள் வெடித்துக் கிடந்தன. குப்பத்தில் கைப்பம்பு அடித்தால் உப்புத் தண்ணீர் வரும், மேலே எண்ணெய் மிதக்கும். லாரி வந்தால் வந்தது. குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் வெயிலில் காத்திருப்பார்கள். லாரி திரும்பும் சத்தம் கேட்டதும் வரிசை கலையும். அப்படித் தள்ளியதில் ஒருத்திக்குக் கை ஒடிந்தது. ஒடிந்த கையோடு அவள் குடத்தைப் பிடித்தபடியே நின்றாள். கூப்பிடு தூரத்தில் என் தொட்டி, கண்ணாடி போன்ற தண்ணீருடன்.

தோட்டத்துக்குக் காவலாகக் குப்பத்திலிருந்தே தண்டபாணி என்பவனை வைத்திருந்தேன். முதுகுவலியால் படகுக்குப் போவதை நிறுத்தியவன். அவனுடைய அம்மா பச்சையம்மா மீன் விற்பவள். அவனுக்குக் கீர்த்தி என்று ஆறு வயதில் ஒரு மகள், ரவிக்குமார் என்று ஒரு கைக்குழந்தை. முதலில் என்னிடம் வந்து கேட்டது பச்சையம்மாதான்.

“இம்மாந் தண்ணி நின்னுகினு கீது. குடிக்காதன்னு போர்டு மாட்டி வச்சிகிற. யாருக்கு நைனா இது, கொக்குக்கா?”

“யம்மோவ், அது கம்பெனி தண்ணி. சும்மா இரு,” என்றான் தண்டபாணி.

“நீ இன்னாடா கண்ட? லாரித் தண்ணிகூட மஞ்சளா வருது. இது எப்டி கீது பாரு.”

அவன் குனிந்து தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்தான். “சார், மீனு வுட்டுப் பாக்கலாம். செத்துச்சின்னா வேணாம். உசுரோட இருந்திச்சின்னா புடிச்சிக்கிறோம்.”

கடலில் பிழைக்கிறவர்கள். முகத்துவாரத்தில் மீன் செத்து ஒதுங்கினால் அன்று அந்தப் பக்கம் வலை போட மாட்டார்கள். என் பலகையைவிட மீனை அவர்கள் நம்பினார்கள். நான் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

இந்தத் தொட்டிகளின் படங்களையும் விருதுக்கு அனுப்பியிருந்தேன். அந்த வாரம்தான் நடுவர் குழுத் தலைவர் போன் செய்தார். படங்கள் பிடித்திருக்கின்றன, நேரில் வருகிறோம் என்றார். சுற்றியிருக்கும் மக்கள் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார். பயன்படுத்துகிறார்கள் என்றேன். குடிக்கவுமா என்றார். குடிக்கவும் என்றேன். இப்படி ஒரு வேலையை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அதை உண்மையாக்கிவிடுவதுதான் முறை என்று பட்டது.

கொளத்தூரில் உசேன் என்பவருடைய அலங்கார மீன் கடையில் சின்னச் சின்னக் கப்பி மீன்கள் வாங்கினேன். குப்பத்துப் பெண்கள் பார்க்க ஒரு பை மீனைக் கடைசித் தொட்டியில் விட்டேன். மீன்கள் கூட்டமாக ஓடின. கீர்த்தி கை தட்டினாள். மறுநாள் காலை நான் முதலில் போனேன். எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

கல் இருக்கையில் உட்கார்ந்தேன். மாடியேறி அந்த மேசைத் துணிகளை மறுபடி பார்க்க முடியாது என்று தோன்றியது. அந்த எண்ணம் ஒன்றுதான் இருந்தது. பிறகு செத்த மீன்களை அள்ளி மணலில் புதைத்தேன். ஸ்கூட்டரில் இன்னொரு பை மீன் இருந்தது. முதல் நாளே இரண்டு பைகள் வாங்கியிருந்தேன். ஏன் இரண்டு என்று உசேனும் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது பையைத் தொட்டியில் விட்டேன். பலகையைக் கழற்றினேன். பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“கீதுடி, கீது! துள்ளிகினு கீது!” என்று பச்சையம்மா குப்பத்தைப் பார்த்துக் கத்தினாள்.

குடங்கள் வந்தன. வரிசையில் சண்டை இல்லை. குடம் வைக்க ஒரு சிறிய மேடையும் கட்டிக் கொடுத்தேன்.

மீன்கள் ஒரு நாள் தாங்கின. வெயில் ஏறிய நாட்களில் அதுவும் இல்லை. மாலையில் கொளத்தூர் போவேன். பைகளை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வருவேன். இரவெல்லாம் வாளியில் காற்றுக்குழாய் போட்டு வைப்பேன். காலையில் தண்டபாணியை டீ வாங்க அனுப்பிவிட்டு மாற்றுவேன். ஒருநாள் பாலத்தில் ஒரு பை உடைந்துவிட்டது. தார் ரோட்டில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் இறங்கி வந்து உதவி செய்தான். நான் அழுதுகொண்டிருந்ததாக அவன் சொன்னான்.

உசேன் கிண்டல் செய்வார். “இன்னா சார், மீனை வளக்கறியா, வறுத்துத் துன்றியா? தெனம் வந்து நிக்கறியே.” அவர் உங்களிடம் சொன்னது எல்லாம் உண்மை. அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

கீர்த்தி ஒருத்திதான் கவனித்தாள். தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு மீன்களுக்குப் பெயர் வைப்பாள்.

“சார், இது நேத்து மீனு இல்ல. ராசாத்திக்கு வாலு செவப்பு. இதுக்கு ஊதா.”

“மீன் கலர் மாறும் பாப்பா.”

“பொய்யி. எங்க ஆயா கூடைல எதுனா கலர் மாறுதா?”

தண்டபாணி சிரித்தான். “வாயப் பாரு சார் இதுக்கு. அப்டியே எங்கம்மா.”

அன்றிலிருந்து ஒரே நிறத்தில் வாங்கினேன். கூடுதல் அலைச்சல்தான்.

நடுவர்கள் ஒரு காரில் வந்தார்கள், மூன்று பேர். நாணலைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசித் தொட்டியில் மீன்களைப் பார்த்ததும் அவர்களில் ஒரு அம்மையார் குனிந்து நின்றுவிட்டார். குடம் நிரப்பிக்கொண்டிருந்த பச்சையம்மாவிடம் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

“இன்னாம்மா இப்டிக் கேட்டுட்ட? மீனே குட்சிட்டு நல்லா கீது. நாங்க இன்னா மீனவிட மட்டமா?”

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் குழாய்க்குக் கீழே கையை நீட்டினார். நான் இளநீர் வரவழைத்திருந்தேன். முதலில் இதைக் குடியுங்கள் என்று கையில் கொடுத்தேன். வெயில் கடுமையாக இருந்தது, மூவரும் குடித்தார்கள். அவர்களுக்கு எதுவும் ஆகக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விருது பெங்களூரில் கொடுத்தார்கள். சால்வை, செம்புத் தகடு. ஏற்புரையில் நான் குப்பத்தைப் பற்றித்தான் பேசினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள்.

திரும்பி வந்தபோது கீர்த்தியின் முகம் வீங்கியிருந்தது. கால்களும். பிள்ளைக்குச் சிறுநீர் போகவில்லை என்றான் தண்டபாணி. ஆட்டோவுக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். ஆஸ்பத்திரியில் பழமும் வாங்கிக் கொடுத்தேன். குப்பத்தில் இன்னும் சிலருக்கு அதேபோல் வீக்கம் வந்தது.

அப்போதாவது ஏன் குழாயை மூடவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மூடினால் காரணம் கேட்பார்கள். விருது வந்த பிறகு என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டின் ஓரத்தில் ஒன்று, அத்திப்பட்டில் சாம்பல் கொட்டும் இடத்தில் ஒன்று. நம் பக்கத்துக்கு யாரும் ஒரு மரம்கூடக் கேட்டதில்லை. இந்த ஒன்று நிலைத்தால்தான் மற்றவை வரும். ஒரு குப்பத்தை மட்டும் பார்ப்பதா, வடசென்னை முழுவதையும் பார்ப்பதா? மேசைத் துணிகளை எடுத்துவிட்டேன். புதிதாக ஒரு பையன் வரைய வந்திருந்தான்.

கீர்த்தி ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். அடக்கத்துக்குப் போனேன். மறுநாளும் மீன் மாற்றினேன்.

காரியம் முடிந்த பிறகு பச்சையம்மா தோட்டத்துக்கு வந்தாள். இடுப்பில் காலிக் குடம்.

“டாக்டரு இன்னா தண்ணி குட்ச்சீங்கன்னு கேட்டாரு நைனா. இந்தத் தண்ணியா இருக்கும்னு எம்புள்ள அழுவறான். நான் அவங்கையில ஒண்ணும் சொல்லல. உன்னாண்ட கேக்கலாம்னு வந்தேன். நீ சொல்லு. நீ சொன்னா சரி.”

வேறு யாரும் அங்கே இல்லை. சொல்லியிருக்கலாம். நான் அவளைக் கடைசித் தொட்டிக்கு அழைத்துப் போனேன். அன்று காலை விட்ட மீன்கள் நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தோள் குலுங்கியது. பிறகு என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நென்ச்சிட்டேன். மன்ச்சிக்கோ.”

பரவாயில்லை என்றேன்.

அவள் குழாயைத் திறந்து குடத்தை வைத்தாள். வீட்டில் ரவிக்குமார் இருந்தான். அப்போதுதான் தாய்ப்பால் மறந்து தண்ணீர் குடிக்கப் பழகியிருந்தான். அது எனக்குத் தெரியும். தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். குடம் நிரம்பும்வரை பக்கத்தில் நின்றேன்.

அழுது ஓய்ந்திருந்ததால் அவளால் அதைத் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். அந்த வயதில் ஒருத்தி தனியாகச் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவன் அல்ல நான்.