மீனாள் என்ற பியட் காரை நான் அடையாளம் கண்ட விவரம்

பெயர் பரிமளா, வயது 46, கணவர் பெயர் முத்துக்குமார் (காலமாகிவிட்டார்), வடக்குத் தெரு, திருமயம் தாலுகா, புதுக்கோட்டை மாவட்டம். 24.02.2025 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி விசாரிக்கக் கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் மகள் ஹரிணியுடன் குடியிருந்து, இரண்டு பழைய கார்களைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைத்து வருகிறேன். ஒன்று கறுப்பு அம்பாசிடர், மற்றொன்று 1960-ஆம் வருடத்து வான நீல பியட். அம்பாசிடர் ஆண், பெயர் அம்பலம். எல்லோருக்கும் முன்னால் போகப் பிரியப்படுவார், ரிவர்ஸ் எடுப்பதற்குத்தான் முரண்டு பிடிப்பார். பியட் பெண், பெயர் மீனாள். ரோசக்காரி, அதட்டினால் நின்றுவிடுவாள், பொறுமையாகத் தொட்டால் வருவாள். இந்தப் பெயர்கள் எனக்கும் என் மகளுக்கும் மெக்கானிக் உதயசூரியனுக்கும் மட்டுமே தெரியும். வாடகைக்கு எடுப்பவர்களிடம் சொல்வதில்லை, சிரிப்பார்கள். வழக்குக்குத் தேவைப்படுவதால் இதைச் சொல்கிறேன்.

உதயசூரியன் அன்னவாசலில் பட்டறை வைத்திருக்கிறார். என் கணவர் இறந்ததிலிருந்து பன்னிரண்டு வருடமாக இரண்டு வண்டிகளையும் அவர்தான் பார்த்து வந்தார். 14.06.2024 அன்று கிளட்ச் மாற்றுவதற்காக மீனாளை அவர் பட்டறையில் விட்டு வந்தேன். அதன் பிறகு 17.06.2024 காலையில் அவர் போன் செய்து, பட்டறைப் பூட்டை உடைத்து வண்டியை யாரோ ஓட்டிப்போய்விட்டதாகச் சொன்னார். நான் வந்து இந்த நிலையத்தில் புகார் கொடுத்தேன். புகாரை எழுதும்போது அவர் என் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இலுப்பூர், விராலிமலை, கீரனூர் பக்கம் உள்ள பழைய இரும்புக் கடைகளில் தேடினோம். நான்கு நாளும் அம்பலத்தை ஓட்டியவர் உதயசூரியன்தான். நான் கட்டிக்கொண்டு போன தயிர்ச்சோற்றை வழியில் நிறுத்தி இரண்டு பேரும் சாப்பிட்டோம். கிடைக்கவில்லை.

நேற்று 23.02.2025 அன்று புதுக்கோட்டையில் பழைய கார்களின் கண்காட்சி நடந்தது. நான் அம்பலத்தைக் கொண்டுபோயிருந்தேன். அங்கே மெரூன் நிறத்தில் ஒரு பியட் நின்றது. அதன் உரிமையாளர் முருகப்பன் என்பவர், திருமயம் பக்கத்து ஊர்க்காரர், சென்னையில் தொழில் செய்கிறார். நிறமும் நம்பரும் வேறாக இருந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மதியம் ஊர்வலம் கிளம்பும்போது அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. முருகப்பன் தன் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பானட்டைத் திறந்தார். நான் உதவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். போனில் பேசியவர், "மீனாளுக்கு வெயிலு ஆகாதுங்க. பம்பு மேல ஈரத்துணியப் போட்டு கால் மணி நேரம் விடுங்க, அவளா வருவா" என்றார்.

குரல் உதயசூரியனுடையது. நான் சத்தம் போடவில்லை. ஈரத்துணியை நானே பிழிந்து பம்பின் மேல் போட்டேன். அதன் பிறகு மெக்கானிக் யார் என்று முருகப்பனிடம் கேட்டேன். அன்னவாசல் உதயசூரியன் என்றும், வண்டியை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்றும் சொன்னார். என் வண்டி திருட்டுப்போன விவரத்தைச் சொல்லி, பின் இருக்கையைத் தூக்கிக் காட்டும்படி கேட்டேன். தூக்கினார். அடியில் தகடு முழுவதும் வான நீலமாக இருந்தது. முருகப்பன் இருக்கையை மறுபடி பொருத்தினார். அதன் பிறகு, "ஸ்டேசனுக்குப் போவோம்மா, நானே ஓட்டிக்கிட்டு வாரேன்" என்றார். அப்படியே நேற்று மாலை வண்டியை இந்த நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அவர் விவரம் தெரியாமல் வாங்கியவர் என்று நம்புகிறேன். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

இன்று காலை ஏழு மணிக்கு, வண்டி நிலையத்துக்கு வந்தது தெரிந்து, உதயசூரியன் தன் மனைவி ரம்யாவுடன் என் வீட்டுக்கு வந்தார். ரம்யாவுக்கு நேற்றுவரை எதுவும் தெரியாது போல இருந்தது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். உதயசூரியன், தான் பூட்டை உடைத்ததையும் என்ஜின் நம்பரை ராவியதையும் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்குக் கல்யாணம் பூவை ஒட்டி, டேப்பை ஒட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் அவளை ஓட்டித் தேய்ப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றார். "நான் காசுக்காக மட்டும் செய்யலக்கா. நல்ல எடத்துலதான் குடுத்தேன். அங்க நெழல்ல இருக்கா" என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா தம்பி?" என்று கேட்டேன். அதன் பிறகு ரம்யா, புகாரை வாபஸ் வாங்கும்படி கேட்டு அழுதார். ரம்யாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாபஸ் வாங்க மாட்டேன் என்று சொன்னேன். வண்டி போன எட்டு மாதத்தில் எனக்குப் பதினோரு கல்யாணம் கைவிட்டுப் போனது. அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. வண்டி இருக்கும் இடம் தெரிந்திருந்தும் நான்கு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேட வைத்ததை நான் விடுவதாக இல்லை. அவள் தேய்ந்தாலும் என்னிடம் தேயட்டும். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசினாலும் இதுதான் என் பதில். வண்டியை என் வசம் ஒப்படைக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட இருக்கிறேன்.

இன்று நான் நிலையத்துக்கு வந்தபோது வண்டி வாசலை மறித்து நின்றது. காவலர் ஒருவர் அதை நகர்த்தப் பார்த்தார். கியர், ஸ்டியரிங் பக்கத்தில் இருப்பதால் அவருக்குப் பிடிபடவில்லை, பல் உரசும் சத்தம் கேட்டது. விசாரணைக்கு அழைத்துவரப்பட்டு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உதயசூரியன் சட்டென்று எழுந்து சாவிக்காகக் கையை நீட்டினார்.

"நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நான் போய் ஏறி, வண்டியை வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அனைத்தும் உண்மை, யாருடைய தூண்டுதலும் இல்லை.

(ஒப்பம்) மு. பரிமளா