பூட்டிய அலுமாரிக்குள் ரவுட்டர்

"ரவுட்டரை உம்மா அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க மதினி."

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், மாம்புரி தாண்டும்போது முன் இருக்கையிலிருந்து இந்த வசனம் காதில் விழுந்தது. இதை எழுதியே ஆக வேண்டும் என்று அந்தக் கணமே தோன்றிவிட்டது. சொன்னவள் இளம்பெண், பக்கத்தில் அவளுடைய நானாவின், அதாவது அண்ணனின், மனைவி.

"இரும்பு அலுமாரிக்குள்ளயா? ஏன் புள்ள?"

"உப்புக்காத்துல துருப்பிடிக்குமாம். டீவி அப்பிடித்தானே போச்சு. பின்னால ஓட்டை போட்டு வயர எடுத்திருக்காங்க."

"அதுதான் ஹோல்ல கம்பியூட்டருக்கு ஒண்டும் வருதில்லையோ?"

"அலுமாரி நிக்கிற உம்மாட அறையில ஃபோனுக்கு நல்லா வருதே! அதுதான் எனக்கு விளங்கல்ல. கம்பியூட்டருக்குத்தான் நோய் எண்டு கண்டதையெல்லாம் அழிச்சுப் பார்த்தன். கெம்பஸ் விண்ணப்பம் சுத்துது, சுத்துது, அப்பிடியே நிண்டுடுது. இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"ஃபோன்லயே அனுப்பன்."

"சேர்ட்டிபிகேட் எல்லாம் கம்பியூட்டருக்குள்ள கிடக்கு."

"அப்ப அலுமாரியத் தொற."

"சாவி உம்மாட இடுப்புல. உம்மா கனமூலை ஊர்ல ஒரு கலியாண வீட்டுல. ஃபோனும் எடுக்கிறாங்க இல்ல."

மூத்தவள் உடனே வீட்டிலிருந்த கணவனுக்கு அழைப்பு எடுத்தாள்.

"இஞ்சேருங்க, உங்கட உம்மாட கட்டிலக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. வீட்டுக்கு வந்ததும் கம்பியூட்டரைத் தூக்கி அலுமாரிக்குப் பக்கத்துல வைக்கப் போறோம்."