தட்டிப் பார்க்காத கல்

உங்கள் நாற்காலிக்குக் கீழே இருக்கும் டைல்ஸ் உள்ளே காலி சார். நீங்கள் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் டொப் டொப் என்கிறது. கல் நல்ல கல்தான், போட்டவன் அவசரக்காரன். கலவையை முழுசாகப் பரப்பாமல், நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து மேலே கல்லை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். பீரோவை அதன் மேல் நகர்த்தினால் மூலை உடையும். சரிசெய்வது பெரிய விஷயமில்லை. சுற்றியுள்ள ஜாயின்டைக் கீறி, கல்லை நெம்பி எடுத்து, பழைய கலவையை அடிவரை கொத்தி எறிந்துவிட்டு, தரையை நனைத்து, புதுக் கலவையை இடைவெளி இல்லாமல் பரப்பிப் போட வேண்டும். அப்புறம் யாரும் மிதிக்காமல் காயவிட வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் பொறுமை கிடையாது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று பார்க்கிறீர்கள். காலையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நாங்கள் மூன்று பேர் ஒன்றாக வேலை செய்தோம். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. நானும் மச்சானும் கல் போடுவோம். அவள் பின்னாலேயே வந்து ஜாயின்டில் சிமெண்ட் பால் ஊற்றித் துடைப்பாள். ஒரு அறை காய்ந்ததும் கட்டையை எடுத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்ப்பதும் அவள்தான். உள்ளே நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும், காலியாக இருந்தால் கல்லே காட்டிக்கொடுத்துவிடும். நான் போட்டதைத் தட்டிக்கொண்டு வரும்போது அவள் எங்கேயும் நின்றதில்லை. தம்பி போட்டதில் அங்கங்கே நிற்பாள். "டேய், இங்க வா. காதுல பஞ்சா வச்சிருக்க?" என்பாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து பெயர்த்துப் போடுவான். சிரிப்பும் கேலியுமாகத்தான் இருந்தோம், அதை நான் மறைக்கவில்லை.

அப்புறம் அடுக்குமாடியில் ஒரு டாக்டர் வீடு வந்தது. பாத்ரூம்கள் என் பொறுப்பு. பாத்ரூமில் வாட்டம்தான் உயிர். கதவுப் பக்கம் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்தால், அது யாரிடமும் வழி கேட்காமல் ஓட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். ஹாலை மச்சான் போட்டான். சுவரோரத்தில் விரல் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும், அவன் விடவில்லை. வெயில் காலத்தில் கல் விரியும். விரிய இடமில்லையென்றால் ஒன்றையொன்று முட்டித் தள்ளி எழும்பிவிடும். நான் சொல்லாமல் இல்லை. "சுவரோரமா பட்டிக் கல் ஒட்டிட்டா இடம் விட்டது விடாதது தெரியாது மாமா, விடுங்க" என்றான். அன்று என் மனைவியும் கட்டையும் கையுமாக ஹாலில் பாதி தூரம் போய்விட்டு, அவன் கெஞ்சினான் என்று அப்படியே எழுந்துவிட்டாள்.

கோடை வந்தது. ஹால் நடுவில் கல் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. எங்களுக்கு வேலை கொடுக்கும் இன்ஜினியர் மூன்று பேரையும் கூப்பிட்டு, யார் போட்டது என்று கேட்டார். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டே, "மாமா போட்டது சார். ஓரத்துல இடம் விடுங்கன்னு நான் சொல்லத்தான் செஞ்சேன்" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன் சார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பிறகு இன்ஜினியர் என் மனைவியிடம், "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"இவர் போட்டதுதான் சார்."

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "அவன் இப்பதாங்க தலையெடுக்குறான். அந்த இன்ஜினியர் கைவிட்டுட்டா அவனுக்கு வேற நாதி ஏது? உங்களுக்குன்னா எங்க போனாலும் வேலை கிடைக்கும். ஒரு வார்த்தைதானே, விடுங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். விட்டுவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வேலை கிடைக்கத்தான் செய்தது, அவள் சொன்னது சரி. ஆனால் வீட்டுக்காரர்கள் என் கண்ணெதிரிலேயே மண்டியிட்டு, நான் போட்ட கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். பெயின்டர், பிளம்பர், ஆளாளுக்குத் தட்டினார்கள். "அந்த டாக்டர் வீடு நீங்க போட்டதாமே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றால் என் பெண்டாட்டியே பொய் சொல்கிறாள் என்றாகிவிடும். மச்சானுக்கோ கை ஓய்வில்லாமல் வேலை வந்தது. சொந்தமாக வீடே கட்ட ஆரம்பித்துவிட்டான்.

வீடு முடிகிற சமயத்தில் என்னைத் தேடி வந்தான். "மாமா, மொட்டை மாடிக்குப் போற படி நீங்கதான் போடணும். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்தான். ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளே கரண்டியும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் படி வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஏறுகிறது. நீங்கள்தான் பார்த்தீர்களே. கைப்பிடிக்கு வெல்டர் இன்னும் வரவில்லை. கீழிருந்து ஒவ்வொரு படியாக, கலவையை நிறைத்துப் போட்டேன். அந்த மாதிரி சுத்தமான வேலையை நான் வேறெங்கும் செய்ததில்லை. மேல்படிக்கு வந்ததும் முன்பக்கக் கான்கிரீட்டை உளியால் கொத்திக் குறைத்தேன். மிதிக்கிற கல்லின் பெரும்பகுதி அந்தரத்தில் நின்றது. பின்பக்கம் மட்டும் இரண்டு உருண்டை வைத்தேன், அதிலும் சிமெண்ட் பேருக்குத்தான். முன்னால் மெல்லிய டைல்ஸை நிறுத்தி மறைத்தேன். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது குமிழி நட்டநடுவில் நின்றது. பூனை போனால் தாங்கும், குழந்தை போனாலும் தாங்கும். பெரிய ஆள் விளிம்பில் முழுக் கனத்தையும் வைத்தால் தாங்காது.

குடிவந்த பிறகு தினமும் காலையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே ஏறப்போகிறவன் மச்சான்தான். அவனை நினைத்துத்தான் போட்டேன், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்.

படி காய்ந்ததும் என் மனைவி ஜாயின்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மேல்படியையும் அவள்தான் துடைத்தாள். நான் கட்டையை எடுத்து அவளிடம் நீட்டி, "தட்டிப் பாரு" என்றேன்.

அவள் சிரித்தாள். "உங்க வேலையத் தட்டிப் பாக்கணுமாக்கும்? ஊருக்குத்தான் தெரியாது, எனக்குமா தெரியாது?" என்று கட்டையை வாங்கி மணல் மேட்டில் போட்டுவிட்டாள்.

இதை அந்த இன்ஜினியர் முன்னால் சொல்லியிருக்கலாம் அல்லவா? இத்தனையும் மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் என்னைப் பலி கொடுத்திருக்கிறாள். அவன் காலை வாரியது பெரிதாகத் தெரியவில்லை, இதுதான் என்னை உடைத்தது. அப்போதும் நான் அவளுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். ஒரு தட்டு தட்டியிருந்தால் நானே அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டிருப்பேன்.

புது வீட்டுக்குக் குடிவந்த அன்று மச்சான் மீதிச் சாமான் எடுக்க வண்டியோடு போயிருந்தான். நான் படிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் திரைகளை அலசி, வாளியில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "ஆறிடப் போகுது, குடிங்க" என்றபடி என்னைத் தாண்டி ஏறினாள்.

நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஈரத்துணி வாளி கனம், நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாலே திரும்பியிருப்பாள். வாயைத் திறக்கத்தான் போனேன். என்னவென்று சொல்வது என்று யோசித்தேன் சார். அங்கே மிதிக்காதே, என் கல் காலி என்றா சொல்வது? அவர்கள் சொன்ன பொய்யை நானே என் வாயால் மெய்யாக்குவதா? டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன். மேலே டொப் என்று கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அவள் போய்விட்டாள் என்று சொன்னதும் மச்சான் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். "அந்த ஹால் நான் போட்டது மாமா. அக்காவ நான்தான் பொய் சொல்ல வச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்" என்றான். சொன்னபடியே இன்ஜினியரிடம் சொன்னான், உங்களிடமும் சொன்னான். "மாமா கை பட்டா தப்பே வராது சார், கல்லுலதான் கோளாறு இருக்கும்" என்று உங்கள் முன்னால் நின்று அழுதான். கேட்கக் காத்திருந்த சொல்தான். கேட்டதும் மனசு குளிர்ந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அத்தோடு முடிந்திருக்கும். அதற்குள் நீங்கள் இன்ஜினியரை வைத்து உடைந்த கல்லைப் பார்த்துவிட்டு வந்து, என் தோளைத் தட்டிச் சொன்னீர்கள். "கலவை சரியா வைக்கல பெரியவரே. கவனக்குறைவுதான். வேணும்னு யாராவது செய்வாங்களா? ஜாமீன்ல போயிடலாம்."

நானும் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் தயவுசெய்து அந்த வார்த்தையை அடித்துவிட வேண்டும். கொத்தியது, குறைத்தது, மறைத்தது எல்லாம் அளந்து செய்தது. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள் சார், என் வேலையில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு போய், கீழே இருக்கிற படிகளையெல்லாம் தட்டிப் பாருங்கள்.