சர்க்கரை இல்லாத பானத்தைச் சர்க்கரைப் பாட்டிலில் ஊற்றி வைத்தது பற்றி

மேலே எழுதிக்கொண்ட பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்து நான்கு. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லோரும் என்னைக் 'கத்தியக்கா' என்று கூப்பிடுவார்கள். அது இயந்திரத்தின் கத்தியை வைத்து வந்த பெயர், அதைப் பிடித்துக்கொண்டு என் கையில் ஆயுதம் இருந்ததாக யாரும் எழுதிவிட வேண்டாம். முதலாளியை நான் அடித்தது பாட்டிலால். அடித்ததை மறைக்கவில்லை. எதற்கு அடித்தேன் என்பதையும் ஒன்று விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்தக் காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறேன்.

என் கூடப்பிறந்த தங்கை அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் தாள் மடிக்கிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே சர்க்கரை நோய் உண்டு, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். சர்க்கரை நோய் என்றால் இனிப்பைத் தொடக்கூடாது என்று மட்டும்தான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஊசி போடுகிறவர்களுக்குச் சில நேரம் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், கை நடுங்கும், வேர்த்துக்கொட்டும், நாக்கு குழறும், அந்த நேரத்தில் உடனே சர்க்கரை உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்காகத் தங்கையின் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். மற்ற நாட்களில் ஆசைக்குச் சர்க்கரை போடாத டயட் பானம் வாங்கிக் குடிப்பாள். பல வருடமாகக் குடிக்கிறாள், அதனால் அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் அச்சகத்தில் பரீட்சை வினாத்தாள் அச்சடிக்கும் வேலை வரும். அந்த வேலை நடக்கும்போது எங்களை உள்கூடத்தில் விட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். கைப்பை, கைபேசி, சாப்பாட்டு டப்பா எதுவும் உள்ளே வரக்கூடாது, பையே இல்லாத அங்கிதான் போட வேண்டும், சாவி முதலாளியிடம் மட்டும் இருக்கும், காவலாளி கதவுக்கு வெளியே நிற்பார். வினாத்தாள் வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த முறை, அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் தங்கையின் குளுக்கோஸ் பொட்டலத்தையாவது உள்ளே விடச் சொல்லி நானே முதலாளியிடம் போய்க் கேட்டேன். அதற்கு அவர், "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா. உள்ள ஃபிரிட்ஜ்ல கூல்டிரிங்க் பாட்டில் எப்பவும் இருக்குல்ல? உன் தங்கச்சிக்கு ஏதாவதுன்னா அதை எடுத்துக் குடு. நான் சொல்றேன்" என்றார். நானும் நம்பினேன்.

அதன் பிறகு சில மாதங்கள் கழித்து முதலாளிக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் புதிதாக மதம் மாறியவரைப் போல ஆகிவிட்டார். அச்சகத்துக்குள் சர்க்கரையே வரக்கூடாது என்றார், டீயில் சர்க்கரைக்குப் பதிலாகச் சின்ன இனிப்பு மாத்திரையைப் போட்டுக் கலக்கச் சொன்னார், ஃபிரிட்ஜில் இருந்த பானத்தை எடுத்துவிட்டு டயட் பானத்தை வைத்தார். ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்குத் தினமும் ஒரு கிளாஸ் கொடுப்பது வழக்கம், அதை ஒருவரும் வாயில் வைக்கவில்லை, வாஷ்பேசினில் கொட்டினார்கள். முதலாளி முகம் தொங்கிப்போனது. பிறகு ஒரு நாள் பழைய பாட்டில்களே ஃபிரிட்ஜில் திரும்ப வந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். குடித்துப் பார்த்தபோது கேஸ் குறைவாக இருந்தது, நாக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டது போலவும் இருந்தது. நான் முதலாளியிடம் கேட்டதற்கு, "ஃபிரிட்ஜ் சரியா மூட மாட்டேங்குது" என்று சிரித்தார். நாள் முழுக்க அச்சு மை வாடையில் நிற்கிறவளுக்கு என்ன ருசி தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன். தங்கை அந்தப் பாட்டிலைத் தொட்டதே இல்லை, அது அவளுக்கு மருந்து மாதிரி.

சம்பவ நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், வினாத்தாள் வேலைக்காக எங்களை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தபோது, தங்கை தாளைத் தப்புத் தப்பாக மடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அச்சடித்த பக்கம் வெளியே தெரிய மடித்தாள். வினாத்தாளில் அந்தத் தப்பை அவள் செய்யவே மாட்டாள். கிட்டே போனபோது அங்கியின் கழுத்து நனைந்திருந்தது. "அக்கா, ஒரு மாதிரி இருக்கு" என்றாள். நான் உடனே இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு கிளாஸ் ஊற்றிக் குடிக்க வைத்தேன், அதன் பிறகு அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். சர்க்கரை இறங்கினால் இனிப்பான பானம் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும், சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் அப்படியே செய்தேன். "கொஞ்சம் பொறு, இப்போ சரியாயிடும்" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மறுபடி ஒரு கிளாஸ் கொடுத்தேன். ஊருக்கு வெளியே இல்லை, கடைத்தெருவில்தான் இருந்தோம், சுவருக்கு அந்தப் பக்கம் மளிகைக் கடை.

அதன் பிறகு தங்கை என்னை 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். எங்கள் அம்மா இறந்து பல வருடமாகிறது. கதவைத் தட்டினேன், முதலாளி வராமல் திறக்க முடியாது என்று காவலாளி வெளியிலிருந்து சொன்னார், இரும்பு ஸ்கேலால் கதவை உடைத்துவிடுவது போல் அடித்த பிறகுதான் முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி கதவைத் திறந்து உள்ளே வந்து என்ன ஆச்சு என்றார். சுகர் இறங்கிவிட்டது, பாட்டிலில் இருந்ததைக் கொடுத்தும் ஏறவில்லை என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "பயப்படாதம்மா, அதுல ஒரு பொட்டு சக்கரை கிடையாது. நானே கைப்பட மாத்தி ஊத்தி வெச்சது. உன் தங்கச்சிய ஒண்ணும் பண்ணாது" என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

சர்க்கரை கொண்டு வாருங்கள் என்று நான் கத்திய கத்தலில் காவலாளி மளிகைக் கடைக்கு ஓடினார், இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காவலாளி சர்க்கரையோடு வந்தபோது தங்கைக்கு வலிப்பு வந்து பல் கிட்டிவிட்டது, வாயில் எதையும் போட முடியவில்லை. தரையில் அவள் தலை இடிபடாமல் என் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது முதலாளி பக்கத்தில் நின்று மற்றவர்களைப் பார்த்து, "இத்தனை நாளா எல்லாரும் இதைத்தானே குடிச்சீங்க? யாருக்காவது ஒண்ணு ஆச்சா? இது ரொம்ப சேஃப்" என்றார். ஆம்புலன்ஸ் வந்து தங்கையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகு, மேஜையில் மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். அவர் மூக்கெலும்பு உடைந்தது என்று சொல்கிறார்கள், உடைந்திருக்கும். அவர் தன் புகாரில் "எவ்விதக் காரணமும் இன்றி" என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். உடைந்த மூக்கை வைத்துக்கொண்டு அப்படி எழுத அந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் முதலாளியின் மைத்துனர் ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னை வந்து பார்த்தார். "நடந்தது நடந்துபோச்சு. அந்த டயட் தண்ணியே விஷம்னு ஊரெல்லாம் பேசுறாங்க. நீங்களும் அது குடிச்சுத்தான் தங்கச்சி விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க. பழி கம்பெனிக்காரன் மேல போயிடும், மச்சான் கேஸை வாபஸ் வாங்கிடுவாரு" என்றார். அவர் போன பிறகு, அந்த டயட் பானம் விஷமா என்று தங்கையைப் பார்க்கும் டாக்டரிடமே கேட்டேன். அளவோடு குடிக்கிற பெரும்பாலானவர்களுக்கு அதில் சேர்க்கும் செயற்கை இனிப்புகளால் ஆபத்து என்று இதுவரை நிரூபணமாகவில்லை, பிறவியிலேயே ஒரு குறைபாடு உள்ள சிலர் மட்டும் அதில் ஒரு வகையைத் தொடக்கூடாது, நெடுநாள் குடித்தால் என்ன ஆகும் என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் சர்க்கரை இறங்கியவருக்கு அது வெறும் தண்ணீர்தான் என்றார்.

ஆகவே இந்த நிலையத்து எழுத்தர் முதலில் எழுதிய "விஷத்தன்மையுள்ள பானம்" என்ற வரியை நான் ஒப்புக்கொள்ளவில்லை, எடுக்கச் சொன்னேன். அப்படியே விட்டால் எனக்குத்தான் நல்லது என்று அவர் அன்பாகவே சொன்னார். என் தங்கை விழுந்தது விஷத்தால் இல்லை. அவளைக் காப்பாற்றும் என்று வாக்குக் கொடுத்த பாட்டிலில், ஒருவரிடமும் சொல்லாமல், வேறு ஒன்றை ஊற்றி வைத்ததால் விழுந்தாள். பானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஊற்றியவர் வீட்டுக்குப் போவதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. என் வழக்கு எக்கேடு கெட்டாலும் சரி.

தங்கைக்கு நினைவு திரும்பிவிட்டது. பேச்சு இன்னும் தடுமாறுகிறது, வலது கை விரல்கள் மடங்கவில்லை, திரும்ப வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நேற்று அவளுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தேன். வாயருகே கொண்டுபோனதும் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். என்னையும் கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீ ஊத்துனியா, யாராவது ஊத்திக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். நான்தான் ஊற்றினேன் என்றேன். "அன்னைக்கும் நீதானேக்கா ஊத்துன" என்றாள்.

இது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் நீக்கச் சொன்ன வரி நீக்கப்பட்டிருக்கிறது, மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை. இதில் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
காகிதம் வெட்டும் பிரிவு